முகவரியே குற்றமாகும் தெருக்கள்

நியூயார்க் நகரத்தின் புரூக்ளின் பகுதியில் பிரவுன்ஸ்வில் என்றொரு பேட்டை இருக்கிறது. அங்கே எட்டே எட்டுத் தெருக்கட்டுகள் கொண்ட ஒரு சிறு பகுதியில் சுமார் 14,000 பேர் வாழ்ந்தார்கள். பெரும்பாலானோர் அரசு கட்டிக்கொடுத்த அடுக்குமாடி வீடுகளில் இருக்கும் கறுப்பின ஏழைகள். 2006 ஜனவரி முதல் 2010 மார்ச் வரை அந்த எட்டுத் தெருக்கட்டுகளில் மட்டும் போலீஸார் ஏறக்குறைய 52,000 முறை ஆட்களை வழிமறித்து நிறுத்தினார்கள். குழந்தை, கிழவி என்று பாராமல் கணக்குப் போட்டால் ஆளுக்கு வருடம் ஒரு தடவை. கைதில் முடிந்தவை நூற்றுக்கு ஒன்றுகூடத் தேறவில்லை. பிடிபட்ட துப்பாக்கிகள் 25.

இந்தக் கணக்கைப் படித்ததும் போலீஸ் மீது கோபம் வருவது இயல்பு. அதே தெருக்களில் அந்த ஆண்டுகளில் பிள்ளைகள் சுடப்பட்டுச் செத்தார்கள் என்பதும் உண்மை. இருட்டியபின் மாடிப்படி ஏறப் பயந்த பெண்கள் அங்கே இருந்தார்கள். போலீஸ் வரட்டும், இன்னும் அதிகமாக வரட்டும் என்று மனுக் கொடுத்தவர்களும் அதே கட்டடங்களில்தான் குடியிருந்தார்கள். ஜேம்ஸ் ஃபோர்மன் என்ற சட்டப் பேராசிரியர் 2017இல் எழுதிய புத்தகம் இதைத்தான் வாஷிங்டன் நகரை வைத்து விரிவாகக் காட்டியது. கடுமையான தண்டனை கேட்டவர்களில் கறுப்பினத் தலைவர்களும் பாதிரிமார்களும் பெற்றோரும் இருந்தார்கள். அடுத்தடுத்து சாவு விழுந்த தெருக்காரர்கள் வேறு எதைக் கேட்டிருக்க முடியும்?

ஆகவே, குற்றம் மலிந்த பகுதியில் மக்கள் பாதுகாப்பா, குடிமை உரிமையா என்று தராசின் இரு தட்டுகளைப் போலப் பேசுவது அங்கே வசிப்பவர்களுக்குப் பொருந்தாது. திருடனுக்கும் பயந்து, போலீஸுக்கும் பயந்து வாழும் குடும்பத்திடம் ஏதாவது ஒரு பயத்தை வைத்துக்கொள் என்று சொல்வதுபோல் ஆகிவிடும். கேட்க வேண்டிய கேள்வி வேறு. அந்த மக்களின் சுதந்திரத்தைக் கழித்து எடுத்ததற்குப் பதிலாக அரசு அவர்களுக்கு உண்மையில் பாதுகாப்பைக் கொடுத்ததா?

நியூயார்க்கில் இதற்கு ஓரளவு தெளிவான விடை உண்டு. நியாயமான சந்தேகம் இருந்தால் போலீஸ் ஒருவரை நிறுத்தி, ஆயுதம் இருக்கிறதா என்று மேலோட்டமாகத் தடவிப் பார்க்கலாம் என 1968இல் டெர்ரி வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. 1982இல் ஜேம்ஸ் வில்சனும் ஜார்ஜ் கெல்லிங்கும் ‘உடைந்த ஜன்னல்’ என்று பெயர்பெற்ற கட்டுரையை எழுதினார்கள். சின்னச் சின்ன ஒழுங்கீனங்களை விட்டுவைத்தால் அவை பெரிய குற்றங்களை அழைத்து வரும் என்பது அவர்கள் வாதம். ஒரு தீர்ப்பும் ஒரு கட்டுரையும் சேர்ந்து, நாளடைவில் எண்ணிக்கையை மட்டுமே பார்க்கும் ஒரு போலீஸ் முறைக்கு இடங்கொடுத்தன. 2011 என்ற ஒரே ஆண்டில் நியூயார்க் போலீஸ் 6,85,724 முறை ஆட்களை நிறுத்தியது.

2013 ஆகஸ்டில் ஷைரா ஷைன்ட்லின் என்ற நீதிபதி, இந்த முறை கையாளப்பட்ட விதம் அரசியல் சாசனத்துக்கு விரோதமானது என்று தீர்ப்பளித்தார். அவர் முன் வைக்கப்பட்ட கணக்கு எட்டரை ஆண்டுகளில் நடந்த 44 லட்சம் நிறுத்தங்களைப் பற்றியது. நிறுத்தப்பட்டவர்களில் நூற்றுக்கு எண்பதுக்கும் மேற்பட்டோர் கறுப்பினத்தவர் அல்லது லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர். நூற்றுக்கு 88 நிறுத்தங்கள் எந்த நடவடிக்கையும் இல்லாமல் ‘சரி, போ’ என்று முடிந்தன. தீர்ப்பு வந்ததும் மேயரும் போலீஸ் தலைமையும் நகரம் ரத்தக்களரியாகும் என்று எச்சரித்தார்கள். 2017இல் நிறுத்தங்கள் சுமார் 11,600ஆகச் சுருங்கின. 2011இல் 515ஆக இருந்த கொலைகள் அந்த ஆண்டில் 292ஆகக் குறைந்தன. 2020இல் கொலைகள் மறுபடி கூடியது உண்மைதான். கொரோனா ஆண்டில் அமெரிக்கா முழுவதும் நடந்த ஏற்றம் அது. நிறுத்திச் சோதிப்பதைக் குறைத்ததால்தான் கொலை குறைந்தது என்று யாரும் நிரூபிக்கவில்லை. லட்சக்கணக்கான இளைஞர்களைச் சுவரோரம் நிற்கவைத்தது தேவையே இல்லை என்பது மட்டும் நிரூபணமாகிவிட்டது. மேயராக இருந்து அந்த முறையைக் கடைசிவரை தாங்கிப்பிடித்த மைக்கேல் புளூம்பெர்க், 2019 நவம்பரில் புரூக்ளின் தேவாலயம் ஒன்றில் நின்று மன்னிப்புக் கேட்டார்.

தெருவில் நிறுத்துவதாவது சில நிமிடத்தில் முடிந்துவிடும். பெயரைப் பட்டியலில் ஏற்றிவிட்டால் அதற்கு முடிவே இல்லை. கலிஃபோர்னியா மாநிலம் கும்பல் உறுப்பினர்கள் என்று சந்தேகிக்கப்பட்டவர்களுக்காக ‘கால்கேங்’ என்ற கணினித் தொகுப்பை வைத்திருந்தது. 2016இல் மாநிலத் தணிக்கையாளர் அதைத் திறந்து பார்த்தபோது, சேர்க்கப்பட்ட நாளில் ஒரு வயதுகூட நிரம்பாத 42 பேரின் பெயர்கள் இருந்தன. அவர்களில் 28 பேர் தாங்கள் கும்பலைச் சேர்ந்தவர்கள் என்று தாங்களே ஒப்புக்கொண்டதாகப் பதிவாகியிருந்தது! லண்டன் போலீஸ் 2011 கலவரத்தை அடுத்து உண்டாக்கிய கும்பல் பட்டியலும் இதே பாதையில் சென்றது. பட்டியலில் இருந்தவர்களில் நூற்றுக்கு 78 பேர் கறுப்பினத்தவர் என்பதை 2018இல் அம்னெஸ்டி அமைப்பு வெளிக்கொணர்ந்தது. அந்தப் பட்டியல் தகவல் பாதுகாப்புச் சட்டத்தை மீறியது என்று அதே ஆண்டில் அந்நாட்டுத் தகவல் ஆணையரும் சொன்னார். 2024இல் போலீஸே அதைக் கைவிட்டது.

பிறந்த குழந்தையைக் குற்றவாளிப் பட்டியலில் சேர்ப்பது தமிழ்நாட்டுக்குப் புதிய செய்தியல்ல. ஒரு சமூகத்தில் பிறந்ததையே குற்றமாக்கிய குற்றப் பரம்பரைச் சட்டத்தை ஆங்கில அரசு 1871இல் வடக்கே கொண்டுவந்தது. 1911இல் அதைச் சென்னை மாகாணத்துக்கும் விரித்தது. இங்கே மக்கள் அதற்கு வைத்த பெயர் கைரேகைச் சட்டம். வயதுவந்த ஆண்கள் ரேகை வைக்க வேண்டும், இரவில் காவல் நிலையத்துக்கு வந்து இருப்பைக் காட்ட வேண்டும், அனுமதிச் சீட்டு இல்லாமல் ஊர்தாண்டக் கூடாது. 1920 ஏப்ரல் 3 அன்று மதுரை மாவட்டம் பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்த பிரமலைக் கள்ளர்கள் மீது போலீஸ் சுட்டதில் 16 பேர் இறந்தார்கள். அவர்களில் மாயாக்காள் என்ற பெண்ணும் ஒருவர். கள்ளர்களுக்காக வழக்காடிய வழக்கறிஞர் ஜார்ஜ் ஜோசப்பை அந்தச் சீமை இன்றும் ‘ரோசாப்பூ துரை’ என்று நினைவில் வைத்திருக்கிறது. 1947இல் சென்னை மாகாணம் அந்தச் சட்டத்தைத் தூக்கியெறிந்தது.

சட்டம் போனது, ஏடு போகவில்லை. காவல் நிலையத்தில் ‘சரித்திரப் பதிவேடு’ என்று ஒன்று உண்டு. அதில் பெயர் ஏறியவர் சரித்திரப் பதிவேடு குற்றவாளி. ஏ பிளஸ், ஏ, பி, சி என்று அவர்களைத் தரம்பிரித்து வைத்திருக்கிறார்கள். தேர்தல் வந்தாலோ தலைவர்கள் வந்தாலோ பண்டிகை வந்தாலோ முதலில் தட்டப்படுவது அவர்கள் வீட்டுக் கதவு. திருந்தி ஆட்டோ ஓட்டுகிறவர், மீன் ஏலக்கடையில் கணக்கு எழுதுகிறவர் என்று யாரானாலும், பெயர் நீங்கும்வரை போலீஸ் கண்ணுக்கு அவர் பழைய ஆள்தான். இப்படி நள்ளிரவில் வீட்டுக் கதவைத் தட்டுவது செல்லாது என்று கரக் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1962லேயே சொல்லிவிட்டது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்பதை மட்டும் அன்று அது ஏற்கவில்லை. அதை ஏற்க 2017 புட்டசாமி தீர்ப்புவரை, 55 ஆண்டுகள் ஆயின. 2024 மே மாதம் டெல்லியைச் சேர்ந்த ஒரு வழக்கில் நீதிபதிகள் சூர்ய காந்த்தும் கே.வி. விஸ்வநாதனும் இந்தப் பதிவேட்டைப் பற்றியே பேசினார்கள். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், சீர்மரபினர் ஆகியோரின் பெயர்கள் எந்திரத்தனமாக ஏற்றப்படும் போக்கு கவலை தருகிறது என்றார்கள். மற்ற மாநிலங்களும் தங்கள் விதிகளைத் திருத்துவதுபற்றி யோசிக்க வேண்டும் என்றும் சொன்னார்கள்.

பதிவேட்டுக்கு அடுத்த படி, பேட்டைப் பேச்சில் ‘குண்டாஸ்’. குண்டர் சட்டம் எனப்படும் 1982ஆம் ஆண்டின் 14ஆம் எண் சட்டம். தமிழ்நாட்டில் இந்தப் பிரச்சினையின் மையம் இதுதான் என்பதால் சற்று நின்று பார்க்க வேண்டும்.

கள்ளச்சாராயம், போதைப்பொருள், ரவுடித்தனம், விபச்சாரத் தொழில், குடிசைப்பகுதி நில அபகரிப்பு ஆகியவற்றைக் குறிவைத்து எழுதப்பட்ட சட்டம் இது. பிறகு வனக்குற்றம், திருட்டு வீடியோ, மணல் கொள்ளை, இணையக் குற்றம், பாலியல் குற்றம் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போனார்கள். இதன்கீழ் ஒருவரை உள்ளே வைக்க நீதிமன்றத்தில் குற்றம் நிரூபணமாக வேண்டியதில்லை. மாவட்ட ஆட்சியரோ காவல் ஆணையரோ உத்தரவு போட்டால் போதும். 12 நாளுக்குள் அரசு அதை ஏற்க வேண்டும். மூன்று வாரத்துக்குள் அறிவுரைக் கழகத்தின் முன் விஷயம் போக வேண்டும். அங்கே வழக்கறிஞர் வைத்து வாதாடும் உரிமை கைதிக்குக் கிடையாது. அறிவுரைக் கழகம் சரி என்றால் 12 மாதம் சிறை. நடந்த குற்றத்துக்குத் தண்டனையாக அல்லாமல், இனி நடக்கக்கூடும் என்று கருதப்படும் குற்றத்துக்கு முன்கூட்டியே பூட்டு.

இப்படிப்பட்ட தடுப்புக்காவலை நம் அரசியல் சாசனமே 22ஆம் பிரிவில் அனுமதிக்கிறது. சுதந்திர இந்தியாவில் இதன் முதல் பெரிய வழக்கே சென்னைச் சிறையில் இருந்த கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் 1950இல் தொடுத்ததுதான். அனுமதி இருக்கிறது என்பதற்காக எதற்கும் பயன்படுத்தலாகாது என்பதையும் நீதிமன்றங்கள் அறுபது ஆண்டுகளாகச் சொல்லிவருகின்றன. 1965இல் ராம் மனோகர் லோகியா வழக்கில் நீதிபதி இதயத்துல்லா மூன்று வட்டங்களை மனத்தில் வரைந்துகொள்ளச் சொன்னார். வெளிவட்டம் சட்டம் ஒழுங்கு. அதற்குள்ளே பொது அமைதி. நடுவே நாட்டின் பாதுகாப்பு. இருவர் சண்டையில் ஒருவர் தலை உடைந்தால் வெளிவட்டம் மீறப்பட்டது, அவ்வளவுதான். ஊரின் இயல்பு வாழ்க்கை குலைந்தால்தான் இரண்டாவது வட்டம் தொடப்படும். குண்டர் சட்டம் அந்த இரண்டாவது வட்டத்துக்கானது. 2011இல் ரேகா என்பவர் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் கறாராகப் பேசியது. காலாவதியான மருந்துகளுக்குப் புதுச்சீட்டு ஒட்டி விற்றதாக வந்த, எவருக்கும் ஆத்திரமூட்டும் குற்றச்சாட்டு அது. அப்படியிருந்தும், ஜாமீன் மனுவே நிலுவையில் இல்லாதபோது கைதி வெளியே வந்துவிடுவார் என்று சொல்லித் தடுப்புக்காவல் போட்டது செல்லாது, சாதாரணச் சட்டம் போதுமான இடத்தில் இந்தச் சட்டத்தை எடுக்கக் கூடாது என்றது நீதிமன்றம்.

நடைமுறை எப்படி இருக்கிறது? தடுப்புக்காவல் கைதிகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடு பல ஆண்டுகளாக நாட்டின் முன்வரிசையில் நிற்கிறது. உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுக்கள் குவிகின்றன. கொடுத்த நகல் படிக்க முடியவில்லை, தமிழ் மொழிபெயர்ப்பு தரவில்லை, கைதியின் முறையீட்டைப் பரிசீலிக்கத் தாமதம் என்ற காரணங்களால் உத்தரவுகள் வரிசையாக ரத்தாகின்றன. ரத்தாவதற்குள் பல மாதங்கள் ஓடிவிடும். அந்த மாதங்களை யாரும் திருப்பித் தரப்போவதில்லை. போலீஸுக்கோ அந்த மாதங்களே போதும். உத்தரவு நிற்குமா என்பதைவிட ஆள் உள்ளே இருக்கிறானா என்பதே கணக்கு என்றாகிவிட்டது. வழக்கு நடத்தித் தண்டனை வாங்கித் தரும் கடினமான வேலைக்கு இது ஒரு குறுக்குவழி. குறுக்குவழி கைக்குப் பழகிவிட்டால் நேர்வழி புல் முளைத்துக் கிடக்கும்.

ரவுடிகளுக்கு என்று வந்த சட்டம் ரவுடிகளோடு நிற்கவுமில்லை. 2017இல் மே பதினேழு இயக்கத்தின் திருமுருகன் காந்தி மீதும், துண்டறிக்கை விநியோகித்த சேலம் மாணவி ஒருவர் மீதும் இது பாய்ந்தது. இரண்டு உத்தரவுகளையும் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2023 நவம்பரில் செய்யாறு அருகே சிப்காட் விரிவாக்கத்துக்கு நிலம் தர மறுத்துப் போராடிய ஏழு விவசாயிகள் மீது பாய்ந்தது. ஊரே கொதித்தபின் ஆறு பேர் மீதான உத்தரவை அரசு திரும்பப் பெற்றது. பேட்டை இளைஞன் மீது பாய்ந்தபோது நாம் கேட்காமல் விட்ட கேள்விகள், விவசாயி மீது பாய்ந்தபோதுதான் நமக்கு நினைவுக்கு வந்தன.

அதே 2023இல் மார்ச் மாதம் சென்னை உயர் நீதிமன்றம் இன்னொரு முக்கியமான தீர்ப்பைத் தந்தது. நன்னடத்தைப் பிணை வாங்குவதும், அதை மீறினால் சிறைக்கு அனுப்புவதும் நிர்வாக நடுவரின் அதிகாரம். தமிழக அரசு அதைக் காவல் துணை ஆணையர்களிடமே ஒப்படைத்திருந்தது. புகார் சொல்வதும் போலீஸ், தீர்ப்புச் சொல்வதும் போலீஸ். இது அரசியல் சாசனத்துக்கு முரண் என்று நீதிமன்றம் அந்த அரசாணைகளை ரத்து செய்தது.

இந்த வாதங்களையெல்லாம் ஒரே வார்த்தையில் மறுக்க விரும்புகிறவர்கள் இன்று சொல்லும் பெயர் எல் சால்வடோர். அதைத் தவிர்த்துவிட்டு இந்தப் பொருளை எழுதுவது நேர்மையாகாது. 2015இல் அந்தச் சின்ன நாட்டில் 6,656 கொலைகள். உலகிலேயே மோசமான விகிதங்களில் ஒன்று. பெட்டிக்கடைக்காரர் முதல் பஸ் ஓட்டுநர் வரை கும்பல்களுக்கு மாமூல் கட்டியாக வேண்டும். 2022 மார்ச் 26 அன்று ஒரே நாளில் 62 பேர் கொல்லப்பட்டார்கள். மறுநாள் அதிபர் நயீப் புக்கேலே நெருக்கடி நிலையைக் கொண்டுவந்தார். கைதுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. 72 மணி நேரக் காவல் 15 நாளாயிற்று. 80,000க்கும் மேற்பட்டோர் உள்ளே போனார்கள். 2024இல் அரசு சொன்ன கொலைக் கணக்கு 114. மக்கள் அவரை ஏறக்குறைய 85 சதவீத வாக்குடன் மறுபடி தேர்ந்தெடுத்தார்கள். இருபது ஆண்டுகளாகப் பகலிலும் தாண்ட முடியாத தெருவை இன்று இரவில் தாண்டிப் போகும் ஒரு தாயின் நிம்மதியை இங்கிருந்துகொண்டு யாரும் சிறுமைப்படுத்த முடியாது.

அந்தக் கணக்கிலும் இன்னொரு வரி இருக்கிறது. நெருக்கடி நிலைக்கு முந்தைய ஆண்டான 2021லேயே கொலைகள் 1,147ஆக இறங்கிவிட்டன. பெருஞ்சரிவு அதற்கு முன்பே நடந்துவிட்டது. கும்பல்களோடு அரசு ரகசியமாகப் பேரம் பேசியதே அந்தச் சரிவுக்குக் காரணம் என்று குற்றஞ்சாட்டி, அமெரிக்க அரசு 2021 டிசம்பரில் எல் சால்வடோர் அதிகாரிகள் மீது தடை விதித்தது. அள்ளிப் போட்டவர்களில் பல ஆயிரம் பேரைப் பிறகு விடுவித்ததை அந்த அரசே ஒப்புக்கொள்கிறது. 2025 மே மாதம், அரசின் ஊழலை விசாரித்துவந்த மனித உரிமை வழக்கறிஞர் ரூத் லோபெஸ் கைதானார். ஜூலையில் ஒருவரே எத்தனை முறை வேண்டுமானாலும் அதிபராகலாம் என்று அரசியல் சாசனம் திருத்தப்பட்டது. பச்சை குத்திய கும்பல்காரனிடம் தொடங்கிய கை எழுதுகோல் பிடித்தவர்வரை நீளும் என்பதற்குச் செய்யாறும் சேலமும் நமக்கு ஏற்கெனவே சாட்சி.

எல் சால்வடோர் ஆசை நம் ஊரில் வேறு வடிவில் இருக்கிறது. கையிலும் காலிலும் மாவுக்கட்டோடு நிற்கும் இளைஞனின் படம், ‘பாத்ரூமில் வழுக்கி விழுந்தார்’ என்ற வாசகத்தோடு கைபேசிகளில் சுற்றுகிறது. பார்ப்பவர்கள் சிரிக்கிறார்கள். 2024 ஜூலை 5 அன்று பெரம்பூரில் பகுஜன் சமாஜ் கட்சியின் மாநிலத் தலைவர் ஆம்ஸ்ட்ராங் வெட்டிக் கொல்லப்பட்டார். அடுத்த பன்னிரண்டு வாரங்களுக்குள் சென்னையில் மூன்று பேர் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் அந்தக் கொலை வழக்கிலேயே கைதாகி, போலீஸ் காவலில் இருந்தவர். கூலிக்குக் கொன்றவன் செத்துவிட்டால் கூலி கொடுத்தவனைக் காட்டக்கூடிய வாய் ஒன்று குறைந்துபோகிறது. ஒவ்வொரு என்கவுன்டரையும் சுதந்திரமான குழு விசாரிக்க வேண்டும், உடனே பதவி உயர்வோ வீரப் பரிசோ தரக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2014இல் 16 விதிகளை வகுத்தது.

கேமராக்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். சென்னையில் ‘மூன்றாவது கண்’ என்று பெயரிட்டுத் தெருத்தெருவாகச் சிசிடிவி பொருத்தினார்கள். செயின் பறிப்பு வழக்குகளில் அவை உதவியிருக்கின்றன, அதை மறுப்பதற்கில்லை. கேமரா எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதே கேள்வி. 2020இல் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் தாக்கப்பட்டு இறந்தபின் விசாரிக்கச் சென்ற நீதித்துறை நடுவர், காவல் நிலையக் கேமராவின் பதிவு அன்றாடம் தானாகவே அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததைக் கண்டார். பதிவைச் சேமிக்க இடம் இருந்தும் அப்படி. அதே ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம், நாட்டின் ஒவ்வொரு காவல் நிலையத்திலும் கேமரா வைத்து, பதிவுகளைக் குறைந்தது ஓராண்டு காக்க வேண்டும் என்று உத்தரவிட்டது.

இத்தனை சோதனைக்கும் பட்டியலுக்கும் நடுவே, செய்ய வேண்டிய முதல் வேலை செய்யப்படாமல் கிடக்கிறது. ஜில் லியோவி என்ற பத்திரிகையாளர் தெற்கு லாஸ் ஏஞ்சலஸில் பல ஆண்டுகள் கொலை வழக்குகளைப் பின்தொடர்ந்தார். அங்குள்ள மக்கள் சில்லறைக் காரியங்களுக்கு அளவுக்கு மீறிப் போலீஸை அனுபவிக்கிறார்கள், பிள்ளை கொலையுண்டபோது போலீஸே இல்லாததுபோல் தவிக்கிறார்கள் என்பது அவர் கண்டது. 2018இல் வாஷிங்டன் போஸ்ட் நாளிதழ் அமெரிக்காவின் 50 நகரங்களில் பத்தாண்டுகளில் நடந்த சுமார் 52,000 கொலைகளை ஆராய்ந்தது. ஏறக்குறையப் பாதியில் ஒரு கைதுகூட இல்லை. கொன்றவன் அடுத்த தெருவில் நடமாடினால், செத்தவனின் தம்பி கத்தியை எடுப்பான். வடசென்னையின் பல பழிக்குப்பழிக் கதைகள் இப்படி வளர்ந்தவைதான். வழக்கு பத்து ஆண்டு இழுக்கிறது. சாட்சி அதே தெருவில், அதே குழாயடியில் வாழ வேண்டியிருக்கிறது. கடைசியில் கூண்டில் ஏறிப் பிறழ் சாட்சியாகிறார். 2018இல் சாட்சிப் பாதுகாப்புத் திட்டம் ஒன்றை உச்ச நீதிமன்றமே ஏற்று, எல்லா மாநிலங்களும் பின்பற்ற வேண்டும் என்றது. குண்டாஸ் உத்தரவுக்குக் காட்டும் வேகத்தில் பாதியையாவது அதற்குக் காட்டினால் பேட்டைகள் மாறும்.

பிற வழிகளும் சோதித்துப் பார்க்கப்பட்டவைதான். பாஸ்டனில் 1996இல் போலீஸாரும் பாதிரிமார்களும் சமூகப் பணியாளர்களும் சேர்ந்து, உண்மையில் ஆயுதம் எடுக்கும் சிலரை மட்டும் நேரில் அழைத்துப் பேசினார்கள். இன்னொரு கொலை விழுந்தால் முழுக் கும்பலும் பதில் சொல்ல வேண்டும், வெளியேற விரும்பினால் வேலையும் உதவியும் உண்டு என்றார்கள். இளைஞர் கொலைகள் 63 சதவீதம் குறைந்தன. ஃபிலடெல்ஃபியாவில் குப்பை மேடாகக் கிடந்த காலி மனைகளைச் சுத்தம் செய்து புல்லும் மரமும் வைத்தார்கள். ஏழைப் பகுதிகளில் துப்பாக்கி வன்முறை 29 சதவீதம் இறங்கியது. நியூயார்க்கின் அரசுக் குடியிருப்புகளில் நல்ல விளக்குகள் போட்டதும் இரவில் வெளியே நடக்கும் கடுங்குற்றங்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. இவை எதுவும் யாருடைய உரிமையையும் பறிக்கவில்லை.

சென்னையின் ஏழைகளை ஆற்றங்கரைகளிலிருந்து பெயர்த்து நகரத்துக்கு வெளியே கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று கொண்டுபோய் வைத்தோம். வேலையும் பள்ளியும் பழைய இடத்தில், வீடு மட்டும் புதிய இடத்தில். பிறகு அந்தப் பெயர்களையே குற்றத்தின் பெயராக்கினோம். வேலைக்கு மனுப்போடும் பிள்ளைகள் முகவரியை மறைத்துத் துரைப்பாக்கம் என்று எழுதும் நிலை வந்தது. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் கபடித் தங்கம் வென்ற அணியில் ஆடித் திரும்பிய கார்த்திகா, தன்னைக் கண்ணகி நகர் கார்த்திகா என்றே அழைக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.

அந்தத் தெருக்களுக்கு அரசு கணக்குக் காட்டட்டும். ஒவ்வோர் ஆண்டும் எத்தனை பேர் மீது குண்டர் சட்டம் போட்டோம், அவற்றில் எத்தனையை நீதிமன்றம் ரத்து செய்தது, எத்தனை பேருக்கு மூல வழக்கில் தண்டனை கிடைத்தது, எத்தனை கொலை வழக்குகள் இன்னும் முடியாமல் கிடக்கின்றன என்பதை மாவட்ட வாரியாகச் சட்டமன்றத்தில் வைக்கட்டும். இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. வாசகர்களே, உங்கள் சட்டமன்ற உறுப்பினரிடம் இந்த நான்கு எண்களையும் கேளுங்கள்.